பொட்டாஷ் மூட்டைக்குள் என்ன நடக்கிறது? கதிரியக்கச் சிதைவில் அணுக்கரு மாறும் விதம், படிப்படியாக

சம்பாவுக்கு மேலுரம் போடும் நாள்களில், மன்னார்குடிப் பக்கம் நான் நடத்தும் மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் பலர் வயலிலிருந்து நேராக வருவார்கள். அப்படி ஒரு நாள், அப்பாவோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பொட்டாஷ் மூட்டை ஏற்றிவந்த ஒரு பையன், கதிரியக்கப் பாடத்தின் நடுவே எழுந்து கேட்டான்: “பொட்டாசியத்துலயும் கதிரியக்கம் உண்டுன்னு இப்பதானே சொன்னீங்க சார். அப்ப நான் தூக்கிட்டு வந்த மூட்டையில?”

உண்டு என்றேன். கரும்பலகையிலேயே கணக்குப் போட்டோம். 50 கிலோ மூட்டையில் பொட்டாசியம் மட்டும் சுமார் 25 கிலோ. இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியம் ஒரு கிராமில் நொடிக்கு ஏறக்குறைய 31 அணுக்கருக்கள் சிதைகின்றன. ஆக, அந்த மூட்டையில் ஒவ்வொரு நொடியும் ஏழரை லட்சத்துக்கு மேல். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை, 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது, நம் ஒவ்வொருவருக்குள்ளும் நொடிக்கு நாலாயிரத்துக்கு மேல் இதே காரியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

இந்த வழிகாட்டி அந்த மாலையிலிருந்து வந்தது. சிதைவு என்ற சொல்லே பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது என்பதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். சிதைவு என்றதும் இடிந்த மதிலும் மக்கிய வைக்கோலும் மனதில் வந்துவிடுகின்றன. அணுக்கரு அப்படித் தூளாவதில்லை. சிதைந்த பொட்டாசியம் முழுசான கால்சியம் ஆகிறது, அல்லது முழுசான ஆர்கான் ஆகிறது. பெயர் மாறி, குணம் மாறி, முன்பைவிட அமைதியான ஒரு பொருளாக நிற்கிறது. ஒவ்வொரு சிதைவையும் ஒரு வரவுசெலவுக் கணக்காகப் போடக் கற்றுக்கொண்டால், பாடத்தில் மனப்பாடம் செய்ய அநேகமாக எதுவும் மிஞ்சாது. நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டு எண்களை எழுதுங்கள்

அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் மட்டுமே. புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்தால் நிறை எண். பொட்டாசியம்-40 என்றால் நிறை எண் 40, அணு எண் 19, மீதி 21 நியூட்ரான்.

தனிமத்தின் பெயரைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கை மட்டும்தான். 19 என்றால் பொட்டாசியம், 20 என்றால் கால்சியம், 18 என்றால் ஆர்கான். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது. அவை ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள். அதனால் எந்தக் கணக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது, புரோட்டான் எண்ணிக்கை மாறுகிறதா என்பது.

அளவையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்பிராகாரம் சுமார் 240 மீட்டர் நீளம். ஒரு பொட்டாசியம் அணுவை அவ்வளவு அகலத்துக்குப் பெரிதாக்கினால், அணுக்கரு நடுவில் கிடக்கும் ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். அணுவின் நிறையில் 99.9 சதவீதத்துக்கு மேல் அந்தப் பயறுக்குள். கதிரியக்கம் நடப்பது அங்கே. வெளியே பிராகாரத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் தீ, அமிலம், உப்பு என்று வேதியியல் வேலைகளைப் பார்த்துக்கொள்கின்றன. மூட்டையை வெயிலில் போட்டாலும் வயலில் கரைத்தாலும் உள்ளே இருக்கும் பயறு அதைப் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாம் படி: அது ஏன் அமைதியாக இல்லை என்று கேளுங்கள்

நேர்மின்னூட்டம் கொண்ட 19 புரோட்டான்களை அவ்வளவு சிறிய இடத்தில் அடைத்தால் ஒன்றையொன்று தள்ளத்தானே செய்யும்? தள்ளுகின்றன. பிடித்து வைப்பது வலிமைமிகு அணுக்கரு விசை. அது மிகப் பலமானது, ஆனால் கை எட்டும் தூரம்தான் அதன் எல்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துகளை மட்டும் பிடிக்கும். மின்விலக்கு அப்படியல்ல. ஒவ்வொரு புரோட்டானும் அணுக்கருவிலுள்ள மற்ற எல்லாப் புரோட்டான்களையும் தள்ளும்.

அணுக்கரு பெரிதாகப் பெரிதாக இந்த ஏற்றத்தாழ்வு கூடும். ஈடுகட்ட நியூட்ரான்கள் அதிகம் வேண்டும், ஏனென்றால் நியூட்ரான் பிடிக்க உதவும், தள்ளாது. கால்சியம்-40-இல் 20 புரோட்டானுக்கு 20 நியூட்ரான் போதும். ஈயம்-208-இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான் தேவைப்படுகிறது. ஒரு தாளில் கிடையாகப் புரோட்டானையும் செங்குத்தாக நியூட்ரானையும் வைத்து, நிலையான அணுக்கருக்களை மட்டும் புள்ளி வைத்துப் பாருங்கள். மெல்ல வளைந்து மேலே போகும் ஒரு குறுகலான வாய்க்கால் போல வரும். வாய்க்காலுக்குள் இருப்பவை நிலையானவை. ஒரு கரையில் ஏறி நிற்பவை நியூட்ரான் மிகுந்தவை. எதிர்க்கரையில் நிற்பவை புரோட்டான் மிகுந்தவை. கரையில் நிற்கும் நீர் வாய்க்காலுக்குள் இறங்கத்தான் பார்க்கும். கதிரியக்கச் சிதைவு என்பது அந்த இறக்கம். வாய்க்காலின் தலைப்பில், ஈயத்தைத் தாண்டி, எவ்வளவு நியூட்ரான் சேர்த்தாலும் முழு அமைதி கிடைப்பதில்லை. பிஸ்மத்-209 பல காலம் நிலையானதாகக் கருதப்பட்டது. அதுவும் ஆல்ஃபா துகளை (ஆறாம் படியில் வரும்) உமிழ்கிறது என்று 2003-இல் அளந்து காட்டிவிட்டார்கள்.

பொட்டாசியம்-40-க்கு வருவோம், இது எனக்கு மிகவும் பிடித்த அணுக்கரு. 19, 21, இரண்டுமே ஒற்றைப்படை. புரோட்டான்கள் தங்களுக்குள் ஜோடி சேரும், நியூட்ரான்களும் அப்படித்தான். ஜோடி சேர்ந்தால் ஆற்றல் குறையும், அமைதி கூடும். பொட்டாசியம்-39-இல் 20 நியூட்ரான், பொட்டாசியம்-41-இல் 22 நியூட்ரான். நியூட்ரான் பக்கமாவது ஜோடி முழுமை, இரண்டும் நிலையானவை. நடுவில் மாட்டிக்கொண்ட 40-இல் ஒரு புரோட்டானும் தனி, ஒரு நியூட்ரானும் தனி. ஒரு நியூட்ரான் புரோட்டானானால் 20, 20. ஒரு புரோட்டான் நியூட்ரானானால் 18, 22. எந்தப் பக்கம் போனாலும் எல்லாம் ஜோடியாகிவிடும். அதனால்தான் அதற்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

மூன்றாம் படி: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

நியூட்ரான் மிகுந்திருந்தால் பீட்டா மைனஸ். புரோட்டான் மிகுந்திருந்தால் பீட்டா பிளஸ் அல்லது எலக்ட்ரான் கவர்தல். அணுக்கரு மொத்தத்தில் கனத்துப்போயிருந்தால் பெரும்பாலும் ஆல்ஃபா. ஆற்றல் மட்டும் மிச்சமிருந்தால் காமா. அவ்வளவுதான். மேற்கொண்டு ஒவ்வொன்றாக.

நான்காம் படி: பீட்டா மைனஸ்

பொட்டாசியம்-40 (19) → கால்சியம்-40 (20) + எலக்ட்ரான் (−1) + எதிர்நியூட்ரினோ (0)

அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. நிறை எண் 40 அப்படியே இருக்கிறது. அணு எண் ஒன்று கூடுகிறது. அடைப்புக்குள் இருக்கும் எண்களில் மின்னூட்டக் கணக்கு: இடப்பக்கம் 19, வலப்பக்கம் 20, அதில் 1 போனால் 19. நேராகிவிட்டது.

இந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “அணுக்கருவுக்குள்ளதான் எலக்ட்ரானே இல்லையே சார், அப்புறம் எங்கிருந்து வருது?” சிறந்த கேள்வி. உள்ளே ஒளிந்திருந்து வெளியே வரவில்லை. மாற்றம் நடக்கும் அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கிறது. விளக்குக்குள் வெளிச்சம் முன்கூட்டியே அடைத்து வைக்கப்பட்டிருப்பதில்லை அல்லவா, அதுபோல. இதைச் செய்வது வலிமைகுறை அணுக்கரு விசை.

எதிர்நியூட்ரினோ ஏன் வேண்டும்? வெளியே வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தபோது அவை ஒரே அளவில் இல்லை. ஒன்று குறைவாக, ஒன்று அதிகமாக, எல்லா அளவிலும் வந்தன. மீதி ஆற்றல் எங்கே போனது என்று தெரியாமல் இயற்பியலாளர்கள் தவித்தார்கள். ஆற்றல் அழியா விதியையே கைவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத இன்னொரு துகள் அதை எடுத்துச் செல்கிறது என்று 1930-இல் பவுலி சொன்னார். 1934-இல் ஃபெர்மி அதற்கு முழுக் கோட்பாடு தந்தார். 1956-இல் ரெய்னஸும் கோவனும் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். கணக்கு நேராகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் ஒரு துகளைச் சொல்லி, அது 26 வருடம் கழித்து அகப்பட்டது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அந்தச் செய்தி பழசாவதில்லை.

இன்னொரு பீட்டா மைனஸ் நம் கடற்கரையிலேயே வேலை செய்திருக்கிறது. கார்பன்-14 (6) → நைட்ரஜன்-14 (7). பூம்புகார் அருகே கீழையூரில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் படகு கட்டும் மரத்தூண்களும் கிடைத்தன. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெட்டிய நாளோடு வரவு நின்றுவிடும். அப்புறம் செலவு மட்டும்தான். மிச்சத்தை அளந்து, அந்த மரம் கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தது என்று சொல்ல முடிந்தது. எப்படி என்பதை எட்டாம் படியில் போட்டுப் பார்ப்போம்.

ஐந்தாம் படி: எதிர்த்திசை, இரண்டு விதமாக

புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும் என்றால் ஒரு நேர்மின்னூட்டம் குறைய வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, பாசிட்ரானை, அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை, வெளியே அனுப்புவது. இது பீட்டா பிளஸ். பெட் ஸ்கேன் எடுக்கும்போது உடம்பில் செலுத்தும் ஃப்ளூரின்-18 (9) இப்படித்தான் ஆக்சிஜன்-18 (8) ஆகிறது, அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 110 நிமிடம். இன்னொன்று, பிராகாரத்தில் சுற்றும் எலக்ட்ரான் ஒன்றை, பெரும்பாலும் மிக உள்வட்டத்தில் இருப்பதை, அணுக்கரு உள்ளே இழுத்துக்கொள்வது. இது எலக்ட்ரான் கவர்தல்:

பொட்டாசியம்-40 (19) + எலக்ட்ரான் (−1) → ஆர்கான்-40 (18) + நியூட்ரினோ (0)

மறுபடியும் நிறை எண் 40-தான். அணு எண் ஒன்று குறைந்துவிட்டது.

கல்லணைக்குப் போயிருப்பீர்கள். ஒரே தண்ணீர் அங்கே வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பொட்டாசியம்-40 அப்படி ஒரு பிரிவில் நிற்கிறது: நூற்றுக்கு 89 கால்சியம் பக்கம், 11 ஆர்கான் பக்கம். ஒரு வித்தியாசம், கல்லணையில் ஷட்டரை ஏற்றி இறக்க ஆள் உண்டு. இங்கே குறிப்பிட்ட ஒரு அணுக்கரு எந்தப் பக்கம் போகும் என்பதை யாரும் முடிவு செய்வதில்லை, முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கோடிக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் மட்டும் அந்த 89-க்கு 11 மாறாமல் வரும்.

அந்த 11 பங்கை லேசாக நினைக்காதீர்கள். நாம் மூச்சு விடும் காற்றில் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆர்கான். அதில் 99.6 சதவீதம் ஆர்கான்-40. அது முழுவதும் பூமியின் பாறைகளில் இருந்த பொட்டாசியம்-40 பல நூறு கோடி ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தது. பட்டறையில் ஸ்டீல் கேட்டுக்கு ஆர்கான் வெல்டிங் வைக்கும்போது சிலிண்டரிலிருந்து வருவது, ஒரு காலத்தில் பொட்டாசியமாக இருந்த அணுக்கள்.

ஆறாம் படி: ஆல்ஃபா, ஒரு பெட்ரோமாக்ஸ் மேன்டிலை வைத்து

சாமி புறப்பாட்டுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் தலையில் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு வருபவர்களை என் வயதினர் மறந்திருக்க முடியாது. உள்ளே வெள்ளையாக ஒளிர்ந்த அந்த வலைப்பை, மேன்டில், பழைய வகையாக இருந்தால் தோரியம் ஆக்சைடால் ஆனது. அதிக வெப்பத்திலும் உருகாமல் ஒளி தரும் என்பதால் தோரியத்தைச் சேர்த்தார்கள். இந்த மேன்டில் தொழிலுக்காகத்தான் உலகமே தோரியம் தேடி அலைந்தது. குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டறிந்தது அந்தத் தேடலில்தான். வீட்டுப் பரணில் பழைய மேன்டில் கிடந்தால் வைத்துப் பார்க்கலாம். கசக்கி அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, அது முக்கியம்.

தோரியம்-232 (90) → ரேடியம்-228 (88) + ஹீலியம்-4 (2)

ஆல்ஃபா துகள் என்பது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த கட்டி. ஹீலியத்தின் அணுக்கருவே அது. அது வெளியேறினால் நிறை எண்ணில் 4 போகும், அணு எண்ணில் 2 போகும். 228-உம் 4-உம் 232. 88-உம் 2-உம் 90. பார்த்தீர்களா, சரி.

இப்போது நிறையை நுணுக்கமாகப் போடுங்கள். அணு நிறை அலகில் தோரியம்-232 அணு 232.0381. ரேடியம்-228 அணு 228.0311, ஹீலியம் 4.0026, கூட்டினால் 232.0337. ஏறக்குறைய 0.0044 குறைகிறது. இதுதான் ஆற்றலாகிறது. ஒரு அணு நிறை அலகுக்கு 931.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) என்று பெருக்கினால் சுமார் 4.1. அதில் பெரும்பங்கு, சுமார் 4.0, லேசான ஆல்ஃபாவுக்கு. மீதி, துப்பாக்கியின் பின்னடி போல, கனமான ரேடியத்துக்கு. நிறை எண் மாறாமல் கூட்டினால் சரியாக வருகிறது, நிறையைக் கூட்டினால் கொஞ்சம் குறைகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறை எண் என்பது எண்ணிக்கை. நிறை என்பது எடைபோட்டுப் பார்ப்பது.

ஆல்ஃபா எப்படி வெளியே வருகிறது என்பதுதான் உண்மையிலேயே வியப்பானது. அணுக்கருவைச் சுற்றி ஒரு ஆற்றல் மதில் இருக்கிறது. அதன் உயரம் ஆல்ஃபாவிடம் உள்ள ஆற்றலைவிடப் பல மடங்கு. ஏறிக் குதிக்க வழியே இல்லை. ஆனால் குவாண்டம் இயற்பியலில் மதிலுக்கு அந்தப் பக்கம் துகள் இருப்பதற்கும் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. இதை 1928-இல் காமோவ் ஒருபுறமும், கர்னியும் காண்டனும் மறுபுறமும் விளக்கினார்கள். ஆல்ஃபா உள்ளே நொடிக்கு எண்ணிலடங்காத முறை மதிலில் மோதுகிறது. எப்போதாவது ஒருமுறை ஊடுருவிவிடுகிறது. ஆல்ஃபாவின் ஆற்றல் கொஞ்சம் கூடினாலே ஊடுருவும் வாய்ப்பு மலைபோல் கூடிவிடும். தோரியம்-232 விடும் ஆல்ஃபாவின் ஆற்றல் 4.0, அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டு. பொலோனியம்-212 விடும் ஆல்ஃபாவின் ஆற்றல் 8.8, அரை ஆயுட்காலம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 0.3 பங்கு. ஆற்றல் இரு மடங்குக்குச் சற்று மேல். காலமோ ஒன்றுக்குப் பின் 24 பூஜ்ஜியம் போட்ட அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

வெளியே வந்த ஆல்ஃபா ஒரு தாளைக்கூடத் தாண்டாது. வேகம் அடங்கியதும் பக்கத்தில் கிடைக்கும் இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு ஹீலியம் அணுவாகிவிடும். ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் ஆல்ஃபாக்களை ஒரு கண்ணாடிக் குழாயில் சேர்த்து, மின்சாரம் பாய்ச்சி, அது ஹீலியத்தின் நிறமாலைதான் என்று 1909-இல் நிரூபித்தார்கள். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் ஹீலியம் எல்லாம் பாறைக்குள் இப்படிப் பிறந்ததே. பிறந்தநாள் மண்டபத்தில் கூரையில் முட்டி நிற்கும் பலூனுக்குள் இருப்பவை, அடங்கிப்போன ஆல்ஃபா துகள்கள்.

ஏழாம் படி: காமாவில் எந்த எண்ணும் மாறாது

சிதைந்து பிறந்த சேய் அணுக்கரு சில நேரம் கிளர்ச்சி நிலையில் இருக்கும். அந்த மிகுதி ஆற்றலைக் காமா கதிராக விட்டுவிட்டு அமைதியாகும். புரோட்டான் அப்படியே, நியூட்ரானும் அப்படியே. பரீட்சையில் காமாவுக்கு அணு எண்ணைக் குறைத்து எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. மாற்றாதீர்கள்.

பொட்டாசியம்-40 எலக்ட்ரானைக் கவர்ந்து ஆர்கானாகும்போது பெரும்பாலும் 1.46 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமா ஒன்று வரும். காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது காமாவை அளக்கும் கருவியைக் குழிக்குள் இறக்குவதற்கு இது ஒரு காரணம். களிப்பாறையில் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் அதிகம் என்பதால் அளவு ஏறும், மணற்பாறையில் இறங்கும்; எந்த ஆழத்தில் எந்தப் பாறை என்று மேலே இருந்தே படித்துவிடலாம்.

கோபால்ட்-60 (27) முதலில் பீட்டா விட்டு நிக்கல்-60 (28) ஆகி, உடனே 1.17, 1.33 என்று இரண்டு காமாக்களை விடும். விதைகளின் மரபை மாற்ற உதவுவது இந்தக் காமா. கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், மெக்சிகோவிலிருந்து வந்த சிவப்புக் கோதுமையான சோனோரா 64-ஐக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நம் மக்களுக்குப் பிடித்த வெளிர்நிறத் தானியம் கொண்ட ஷர்பதி சோனோராவை உருவாக்கினார். காமா பட்டதால் அந்த விதை கதிரியக்கப் பொருளாகிவிடவில்லை. இதையும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்: கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டுவது வேறு.

எட்டாம் படி: காலத்தை அளக்கப் புளியங்கொட்டை

தாயக்கட்டைக்குப் பதில் ஒருபக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை போட்டு விளையாடியிருப்பீர்கள். அப்படி 64 கொட்டை எடுங்கள். மொத்தமாக வீசுங்கள். வெள்ளை மேலே விழுந்ததை எல்லாம் ஒதுக்குங்கள், அவை ‘சிதைந்தவை’. மீதியை மறுபடி வீசுங்கள். சுமார் 32, 16, 8 என்று இறங்கும். சரியாகப் பாதி விழாது, தேய்ப்பைப் பொறுத்துக் கூடும், குறையும். பரவாயில்லை. ஒவ்வொரு வீச்சிலும் ஏறக்குறைய அதே பங்கு விழுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஐந்து வீச்சு தாண்டி நின்ற கொட்டை களைத்துப்போயிருக்கிறதா? இல்லை. அடுத்த வீச்சில் அதற்கு உள்ள வாய்ப்பு முதல் வீச்சில் இருந்த அதே வாய்ப்புதான். அணுக்கருவும் அப்படி. அதற்கு மூப்பு கிடையாது. 400 கோடி ஆண்டு கடந்து வந்த பொட்டாசியம்-40-க்கும், நேற்றுப் பிறந்த ஒன்று இருந்தால் அதற்கும், அடுத்த நொடியில் சிதைய ஒரே வாய்ப்பு. அரை ஆயுட்காலம் என்பது பாதி எண்ணிக்கை சிதைய ஆகும் நேரம்; தனி ஒரு அணுவின் ஆயுளில் பாதி அல்ல.

கீழையூர் மரத்துக்கு வருவோம். கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. கி.மு. 300 என்றால் சுமார் 2,300 ஆண்டு, அதாவது 0.4 அரை ஆயுட்காலம். ஒன்றை அத்தனை முறை பாதியாக்கினால் சுமார் 0.76. புதிதாக வெட்டிய மரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் அந்தத் தூணில் மிச்சம். ஆய்வகத்தில் நடப்பது இதன் தலைகீழ்: முக்கால் பங்கை அளந்து, அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: கடைமடை வரை நடந்து பாருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றைச் சிதைவு. தோரியம் ஒரே அடியில் நிற்பதில்லை. ரேடியம்-228-உம் அமைதியற்றது, அதன் சேயும் அப்படி. மேட்டூரில் திறந்த தண்ணீர் மதகு மதகாக இறங்கிக் கடைமடையில் போய் நிற்பதுபோல, ஈயத்தில் போய்த்தான் இது நிற்கும். அடைப்புக்குள் அணு எண், பக்கத்தில் சிதைவும் அரை ஆயுட்காலமும்:

தோரியம்-232 (90), ஆல்ஃபா, 1,400 கோடி ஆண்டு
ரேடியம்-228 (88), பீட்டா, 5.75 ஆண்டு
ஆக்டினியம்-228 (89), பீட்டா, 6 மணி நேரம்
தோரியம்-228 (90), ஆல்ஃபா, 1.9 ஆண்டு
ரேடியம்-224 (88), ஆல்ஃபா, 3.6 நாள்
ரேடான்-220 (86), ஆல்ஃபா, 56 நொடி
பொலோனியம்-216 (84), ஆல்ஃபா, 0.15 நொடி
ஈயம்-212 (82), பீட்டா, 10.6 மணி நேரம்
பிஸ்மத்-212 (83), இரண்டு கிளை, 61 நிமிடம்
ஈயம்-208 (82), நிலையானது

பிஸ்மத்-212-இல் இன்னொரு கல்லணை. நூற்றுக்கு 64 பீட்டா விட்டுப் பொலோனியம்-212 ஆகி, உடனே ஆல்ஃபா விட்டு ஈயமாகிறது. மீதி 36 முதலில் ஆல்ஃபா விட்டுத் தாலியம்-208 ஆகி, சில நிமிடத்தில் பீட்டா விட்டு அதே ஈயத்துக்கு வருகிறது. வழி வேறு, சேருமிடம் ஒன்று.

நான்காவது வரியைக் கவனித்தீர்களா? ஒரு ஆல்ஃபா, இரண்டு பீட்டா ஆனதும் மறுபடி தோரியத்துக்கே வந்துவிட்டோம். இரண்டு குறைந்து, ஒன்று ஒன்றாக இரண்டு கூடியது. பெயர் அதே, நிறை மட்டும் நான்கு குறைவு. வேதியியல் முறையில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. இப்படிப்பட்டவற்றை வைத்துத்தான் 1913-இல் சாடி ஐசோடோப்பு என்ற கருத்துக்கு வந்தார். அதே ஆண்டில் அவரும் ஃபஜன்ஸும் தனித்தனியாகச் சொன்னதுதான் நம் பாடநூலில் வரும் இடப்பெயர்ச்சி விதி: தனிம அட்டவணையில் ஆல்ஃபாவுக்கு இரண்டு கட்டம் பின்னே, பீட்டாவுக்கு ஒரு கட்டம் முன்னே.

ஆறாவது வரியில் இருக்கும் ரேடான் ஒரு வாயு. தோரியத்திலிருந்து ஏதோ ஒரு கதிரியக்க ஆவி கசிந்து வருவதை ரூதர்ஃபோர்டு மாண்ட்ரியலில் கவனித்தார். அதைத் துரத்திப் போய், 1902-இல் அவரும் சாடியும், ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது என்று அறிவித்தார்கள். அணு பிளக்க முடியாதது, தனிமம் மாறாதது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. மேன்டிலில் இருக்கும் அதே தோரியம்தான் அவர்களுக்கும் வழிகாட்டியது.

முழுப் பாதைக்கும் ஒரே வரியில் கணக்குப் போடலாம். பீட்டாவால் நிறை எண் மாறாது, ஆகவே நிறை எண் குறைந்தது முழுவதும் ஆல்ஃபாவால்: 232-இல் 208 போக 24, நான்கால் வகுத்தால் 6 ஆல்ஃபா. ஆறு ஆல்ஃபாவால் அணு எண் 12 குறைந்து 78 ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஈயம் 82. வித்தியாசம் 4 பீட்டா. மேலே உள்ள வரிகளில் எண்ணிச் சரிபாருங்கள். அப்புறம் யுரேனியம்-238 (92) ஈயம்-206 (82) ஆவதை நீங்களே போடுங்கள். 8 ஆல்ஃபா, 6 பீட்டா வந்தால் சரி.

பத்தாம் படி: மூட்டைக்குத் திரும்புவோம்

அந்தப் பையன் அடுத்த நாள் இன்னொரு கேள்வியோடு வந்தான். நொடிக்கு ஏழரை லட்சம் போனால், அறுவடைக்குள் மூட்டையில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம் தீர்ந்துவிடாதா என்று. போட்டுப் பார்த்தோம். இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒன்றேகால் பங்குகூட இல்லை பொட்டாசியம்-40. 25 கிலோவில் அது மொத்தமே சுமார் 3 கிராம். ஆனால் அந்த 3 கிராமில் அணுக்கள் ஏறக்குறைய 4.5-ஐ அடுத்து 22 முறை பத்தால் பெருக்கிய அளவு. 135 நாள் சம்பா என்று வைத்து, நொடிக்கு ஏழே முக்கால் லட்சம் வீதம் பெருக்கினால் சிதைந்தவை சுமார் 9 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால், நாற்றுப் பருவத்திலிருந்து கதிர் அறுக்கும்வரை ஐந்நூறு கோடிக்கு ஒன்றுதான் மாறியிருக்கிறது. அந்த ஒவ்வொரு நூறிலும் 89 கால்சியமாக, 11 ஆர்கானாக.